மாட்டுக்கொட்டகை மேல் சாய்ந்த மாமரம்: பேட்டரி போல் சா (pole saw, நீளக்கம்பு ரம்பம்) கொண்டு கிளை கழித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமம். வீட்டுக் கொல்லையில் நிற்கும் நாட்டு மாமரம். மரத்துக்குத் தெற்கே சிமெண்ட் ஷீட் போட்ட மாட்டுக்கொட்டகை, வடக்கே கீரைப்பாத்தி, கிழக்கே வேலியோரக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது இந்தக் கொல்லையில் இருந்த தென்னைகளில் ஒன்று தவிர எல்லாம் சாய்ந்துவிட்டன. மாமரம் விழவில்லை. தெற்குப் பக்கத் தாய்க்கிளை மட்டும் முறிந்து தொங்கியது. ஊரே பாதை திறக்க அரிவாளோடு அலைந்த நேரம் அது. யாரோ வந்து தொங்கியதை வெட்டித் தள்ளிவிட்டுப் போனார்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு மொட்டைக் கட்டை மிச்சம் நின்றது.

இந்த வேலைக்கான காரணம் அந்தக் கட்டைதான். பட்டைக்கு அடியில் உறங்கிக் கிடந்த மொட்டுகள், கிளை போன அதிர்ச்சியில் கட்டையின் விளிம்பைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்த்தன. பார்ப்பவர்களுக்கு மரம் பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷம். பிழைக்கவும் செய்தது. ஆனால் பிறந்ததிலிருந்து தாய்மரத்தோடு சேர்ந்து பருத்த கிளையும், வெட்டுப்பட்ட இடத்தில் திடீரென்று கிளம்பிய போத்தும் ஒன்றல்ல. முன்னதன் பிடிப்பு மரத்தின் உள்ளே ஆழமாகப் போகும். பின்னது வெளி அடுக்கில் மட்டும் ஒட்டி நிற்கும். அந்த வெளி அடுக்குக்கு உள்ளே கட்டை ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உளுத்துக்கொண்டிருந்தது. மேலே வருஷத்துக்கு வருஷம் எடை கூடுகிறது, அடியில் பிடிப்பு குறைகிறது.

நாங்கள் போய்ப் பார்த்தபோது நான்கு போத்துகள் கிளையாகியிருந்தன. இரண்டு மணிக்கட்டுப் பருமன், ஒன்று சுமார் 10 செ.மீ., பெரியது 13 செ.மீ. விட்டம். காய்ப்புப் பாரத்தில் நான்குமே கொட்டகைப் பக்கம் வளைந்து, பெரியதன் நுனி ஷீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. காற்றடித்தால் ராத்திரியெல்லாம் உராயும் சத்தம் என்று அந்த வீட்டு அப்பாயி சொன்னார். அவருக்கு மரத்தைப் பற்றிய கவலை இரண்டாவதுதான். "ஷீட்டு ஒடைஞ்சா மாத்திக்கலாம் தம்பி, எரும மேல வுழுந்தா என்ன பண்றது?"

பேரனுக்கு ஒரு யோசனை இருந்தது. மரம் ஏற ஆள் தேட வேண்டாம், போல் சா ஒன்று வாடகைக்கு எடுத்தால் கீழே நின்றே முடித்துவிடலாம். அப்படித்தான் இந்த வேலை என்னிடம் வந்தது. துரட்டியில் முருங்கை பறித்தவனுக்கு இந்த மெஷினைப் பார்த்தவுடன் புரிந்துவிடும். நீளக் கம்பின் நுனியில் அரிவாளுக்குப் பதில் சின்னச் சங்கிலி ரம்பம், அடியில் பேட்டரி, நடுவில் சுவிட்ச். புரிந்துவிட்டது என்று தோன்றுவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. துரட்டியில் விழுவது காய், இதில் விழுவது கிளை. போல் சா உயரச் சிக்கலைத் தீர்க்கும். எடைச் சிக்கலைத் தொடக்கூடத் தொடாது. மரத்தில் ஏறி வெட்டுகிறவர் கிளையின் கனத்தைக் காலிலும் கையிலும் உணர்ந்து வெட்டுகிறார், கயிறு கட்டுகிறார், தேவைப்பட்டால் கையால் தள்ளிவிடுகிறார். கீழே நிற்பவனுக்கு அந்தக் கை கிடையாது. வெட்டு முடிந்த நொடியில் கிளை யார் பிடியிலும் இல்லை.

எட்டும் உயரம், விழும் எடை

பெட்டியின் மேல் 4.5 மீட்டர் எட்டும் என்று போட்டிருக்கும். அது ஆளின் உயரம், தூக்கிய கை, செங்குத்தாகப் பிடித்த கம்பு எல்லாவற்றையும் கூட்டிய விளம்பரக் கணக்கு. செங்குத்தாகப் பிடித்து வெட்டினால் கிளை நேராக நம் தலைக்குத்தான் வரும். கையேடுகளில் தரையிலிருந்து 60 டிகிரிக்கு மேல் கம்பை நிமிர்த்தாதே என்று போடுவது இதனால்தான். மெஷினோடு சேர்த்துக் கம்பின் நீளம் 3 மீட்டர், கை நிற்கும் உயரம் 1.3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 டிகிரியில் பிளேடு எட்டுவது சுமார் 3.9 மீட்டர். வெட்டுமிடத்துக்கு நேர் கீழே இருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் நாம் நிற்போம், அதுவும் கிளையின் போக்குக்குப் பக்கவாட்டில். அதற்கு மேலே இருக்கிற எதற்கும் இந்த மெஷின் இல்லை. ஏணி மேல் நின்று இதைப் பிடிப்பது என்ற பேச்சே கூடாது. எங்கள் கட்டை மூன்றரை மீட்டர் உயரத்தில் இருந்ததால் கணக்குக்குள் வந்தது. இன்னும் அரை மீட்டர் மேலே இருந்திருந்தால் வேலையை ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

எடைக்கு வருவோம். பச்சை மா மரம் ஒரு கன மீட்டர் முக்கால் டன்னுக்குக் குறையாது. 10 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள கிளையில் கட்டை மட்டும் சுமார் 18 கிலோ. இலையும் சிம்பும் தனி. அதே நீளத்தில் விட்டம் 20 செ.மீ. ஆனால் 70 கிலோவைத் தாண்டும். பருமன் இரட்டித்தால் எடை நான்கு மடங்கு. கடையில் மெஷின் வாங்குகிறவர்கள் பிளேடு நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள். 20 செ.மீ. பிளேடு, ஆகவே 20 செ.மீ. கிளை வரை வெட்டலாம் என்று நினைக்கிறார்கள். பிளேடு வெட்டும்தான். வெட்டிய பிறகு வரும் 70 கிலோவுக்குப் பிளேடு பொறுப்பேற்காது. என் வழக்கம், 15 செ.மீ.க்கு மேல் போனால் போல் சாவைக் கீழே வைத்துவிடுவது.

சிமெண்ட் ஷீட்டுக்கு 18 கிலோ எல்லாம் தேவையில்லை. பழைய ஷீட் என்றால் அடிப்புறம் கீழே வர விழும் ஐந்து கிலோவே போதும், கீறிவிடும். ஆகவே கொட்டகைக்கு மேலே இருக்கிற கனமான எதுவும் சும்மா விழக்கூடாது என்பதுதான் முதல் முடிவு. மெஷினை எடுப்பதற்கு முன்பே இது முடிவாகிவிட்டது. மாடுகளை முந்தின நாள் சாயங்காலமே பக்கத்துத் திடலில் கட்டச் சொல்லியாயிற்று.

கரண்ட்

சர்வீஸ் வயர் கிளை நுனியிலிருந்து ஐந்து மீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் போனது. பல கையேடுகள் மின்கம்பியிலிருந்து 10 மீட்டர் தள்ளி நில் என்கின்றன. நம் ஊர்க் கொல்லைகளில் 10 மீட்டர் தள்ளி நின்றால் அடுத்தவர் வீட்டுக்குள் நிற்போம். அதற்காக விதியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. கம்பு அலுமினியம். சில மெஷின்களில் ஃபைபர் கம்பு வரும், அதையும் மின்காப்பு என்று நம்பிவிட முடியாது. பிளாஸ்டிக் கைப்பிடியைப் பார்த்துவிட்டு "ஷாக் அடிக்காது" என்று சொல்பவரிடம் மெஷினைக் கொடுக்கவே கூடாது. கம்பு நேராகத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, வெட்டுப்பட்ட பச்சைக்கிளை கம்பி மேல் சாய்ந்து, மறுமுனை பிளேடில் சிக்கியிருந்தால் போதும்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் கரண்ட் நிறுத்தும் நாளைத் தேர்ந்தெடுத்தோம். அதை மட்டும் நம்பவில்லை. பராமரிப்பு சீக்கிரம் முடிந்தால் சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிடும். பக்கத்து வீட்டில் ஜெனரேட்டரைச் சரியான மாற்று சுவிட்ச் இல்லாமல் போட்டால் செத்த லைனிலும் கரண்ட் ஓடும். பேரன் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்ததில், லைன்மேன் வந்து கம்பத்தில் அந்த வீட்டு சர்வீஸைக் கழற்றிவிட்டார். வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்தோம். வயர் போட்டு ஓட்டும் எலக்ட்ரிக் போல் சா விலை குறைவு, இடைவிடாமல் ஓடும், பேட்டரி தீரும் கவலை இல்லை. ஆனால் மரம் கழிக்கச் சரியான நாள் கரண்ட் இல்லாத நாள்தான் என்றால், அந்த மெஷின் அன்று வெறும் குச்சி. கொல்லை வேலைக்குப் பேட்டரி மாடலையே நான் சொல்வதற்கு முதல் காரணம் இது. கால் தடுக்கும் வயர் கிடையாது என்பது இரண்டாவது.

மாதம் ஆவணி. காய்ப்பு முடிந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக மா கவாத்து செய்வது இங்கே வழக்கம். மார்கழி, தையில் பூவெடுக்கப் போகும் நுனிகள் அதற்குள் முற்றியாக வேண்டும். ஐப்பசியில் போய்க் கழித்தால் மரம் பூவை விட்டுத் துளிருக்குப் போய்விடும்.

வெட்டு

காலையில் முதல் வேலை முசுறு எறும்பு. இலைகளைச் சேர்த்துப் பின்னிய கூடு மூன்றாவது, நான்காவது போத்துகளில் இருந்தது. இதை அசட்டையாக விட்டவர்கள் மெஷினை ஓடவிட்டுக்கொண்டே கழுத்தைச் சொறிந்திருக்கிறார்கள். சுழலும் சங்கிலியை நீளக்கம்பில் தூக்கிப் பிடித்திருக்கும்போது ஒரு கை சொறியப் போவதைவிட மோசமான காரியம் இல்லை. துரட்டியால் கூட்டுச் சிம்பை மட்டும் அறுத்து வேலிக்கு அப்பால் கொண்டுபோய்ப் போட்டு, மீதி எறும்பு அடங்கும் வரை காத்திருந்தோம். கண்ணாடி, தலைக்கவசம், முழுக்கைச் சட்டை எல்லாம் வெயிலில் தொல்லைதான். அண்ணாந்து வெட்டும் வேலையில் தூள் நேராகக் கண்ணுக்கு வரும், மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும். ஆகவே பேரம் கிடையாது.

சிறிய போத்துகள் இரண்டும் பேரன் வேலை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அதிகமில்லை. சங்கிலி முழு வேகம் எடுத்த பிறகு மரத்தில் வை. அழுத்தாதே, மெஷின் தலையின் கனமே வெட்டும். பிளேடின் நுனி மேல்மூலையால் எதையும் தொடாதே, உதைக்கும். வெட்டு முடியும்போது கம்பு சட்டென்று தொப்பென இறங்கும், அதற்கு முன்கூட்டியே தயாராக இரு. நுனியிலிருந்து கை நீளத் துண்டுகளாக அறுத்துக்கொண்டே வந்தான். இலை அடர்ந்த நுனிகள் காற்றில் தடைபட்டு மெதுவாகத்தான் விழுகின்றன, ஷீட்டில் சறுக்கிக் கீழே போயின. இந்தத் துண்டு போடும் முறை பொறுமையைச் சோதிக்கும். அவன் ஒருமுறை, "சித்தப்பா, மொத்தமா ஒரே வெட்டுல எறக்கிடலாமே" என்றான். துண்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். கனத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கவில்லை.

10 செ.மீ. கிளையிலிருந்துதான் வேலையின் நிஜ முகம் தெரிந்தது. நுனியைக் குறைத்த பிறகும் கொட்டகைக்கு மேலே இரண்டு மீட்டருக்குக் குறையாத வெறும் கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. சணலில் கல் கட்டி, அடிமரத்தின் உயரமான கவட்டைக்கு மேலே வீசி, அதன் வழியாகக் கயிற்றை ஏற்றினோம். கயிற்று நுனியில் சுருக்குப் போட்டு, மூங்கில் கம்பால் அந்தச் சுருக்கைக் கிளையில் மாட்டி, வெட்டப்போகும் இடத்துக்கு வெளியே இழுத்து இறுக்கினோம். கயிற்றின் மறுமுனை வடமேற்கில் மிஞ்சி நின்ற அந்த ஒற்றைத் தென்னையில் இரண்டு சுற்று. பிடித்தவர், இந்த ஊரில் மரம் ஏறியே தலை நரைத்த ஒரு அண்ணன். மெஷின் வந்தாலும் அவரைக் கூப்பிட்டாக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கயிறு பிடிப்பவன் கனம் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

முதலில் அடிவெட்டு. கட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி, பிளேடின் மேல்விளிம்பால் கீழிருந்து மேலாகக் கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு. மேல்விளிம்பால் வெட்டும்போது சங்கிலியின் ஓட்டம் கம்பை நம்மை நோக்கித் தள்ளும். கம்பின் அடிமுனையை வயிற்றுக்கு நேராக வைக்காமல் இடுப்புக்குப் பக்கவாட்டில் பிடிப்பது இதற்காக. மூன்றில் ஒரு பங்குக்கு மேலே பேராசைப்பட்டால் கிளை தொய்ந்து பிளேடைக் கவ்விக்கொள்ளும். பிறகு இரண்டு விரல் வெளியே தள்ளி மேல்வெட்டு. இது எளிது, சங்கிலி தானே மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் போனதும் ஒரு நெறிபடும் சத்தம், வெட்டு வாய் திறந்தது, கிளை அடிவெட்டு வரை பிளந்து விடுபட்டது. அடிவெட்டு இல்லாதிருந்தால் அந்தப் பிளவு கட்டையின் பட்டையையும் உரித்துக்கொண்டு அடிமரம் வரை ஓடியிருக்கும். அண்ணன் கயிற்றைக் கொஞ்சம் வழுக்கவிட்டு நிறுத்தினார். கிளை ஷீட்டுக்கு ஒரு முழம் மேலே தொங்கி ஆடியது. இழுத்து வடக்கே கொண்டுவந்து கீரைப்பாத்தியில் இறக்கினோம். பாத்தி போயிற்று, அப்பாயி அதைக் கணக்கில் வைக்கவில்லை.

13 செ.மீ. கிளைக்கும் இதே முறைதான், ஆனால் நடுவில் மெஷின் திணறியது. தூள் மாவாகக் கொட்டத் தொடங்கியதைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். கூரான சங்கிலி அவல் மாதிரிச் சீவலாகத் தள்ளும், மாவாக வந்தால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் சங்கிலி சூட்டில் தொய்ந்தும் இருந்தது. எண்ணெய் சரியாகப் போய்ச் சேராவிட்டால் சங்கிலி இப்படிச் சூடேறித் தொய்யும். மாற்றுச் சங்கிலி போட்டு, இறுக்கம் சரிபார்த்து, எண்ணெய் ஊற்றி ஆரம்பித்தோம். மழுங்கிய சங்கிலியோடு தொடர்ந்திருந்தால் ஆள் அழுத்தத் தொடங்குவான், அழுத்துகிறவனால் வெட்டு முடியும் நொடியில் கம்பை நிறுத்த முடியாது.

கட்டை

பாரமெல்லாம் இறங்கிய பிறகு பழைய கட்டை மிஞ்சியது. விட்டம் 25 செ.மீ. இருக்கும். அதை எங்கே வெட்டுவது என்பது புத்தகப்படி தெளிவான விஷயம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் பட்டை கொஞ்சம் புடைத்து வளையமாக இருக்கும். அந்த வளையத்தைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து 1970களில் விளக்கியது இதைத்தான்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அடைத்துப் பூட்டுகிறது. பூட்டுப் போடும் திசுக்கள் அந்த வளையத்தில் இருக்கின்றன. அடிமரத்தோடு ஒட்டிச் சீவினால் பூட்டே போய்விடும், நீளக் கட்டையாக விட்டால் பூட்டு எட்டாமல் உளுக்கும். கஜா மறுநாள் நடந்தது இரண்டாவது வகை.

25 செ.மீ. என்பது போல் சாவின் வேலை இல்லை. ஏறித்தான் வெட்ட வேண்டும் என்பது திட்டம். அண்ணன் பக்கத்துக் கவட்டை வரை ஏறி, அரிவாளின் முதுகால் கட்டையைத் தட்டினார். தொம்மென்று கேட்டது. இன்னும் இரண்டு இடம் தட்டிவிட்டு இறங்கிவிட்டார். "உள்ள ஒண்ணுமில்ல தம்பி. இதுல கயிறு கட்டினா கயிறுதான் மிஞ்சும்." என் தீர்ப்பும் அதுதான். உளுத்த கட்டையைச் செயின் சாவால் ஏறி நின்று அறுப்பது, அறுக்கும் இடம் பிளந்து ஆளோடு வரும் வேலை. இந்தக் கட்டையை வெட்டித் தள்ளினால் நமக்கு என்ன லாபம்? கட்டையின் மேல் இப்போது எடை இல்லை. அடியில் கொட்டகை இல்லை, கொட்டகை அதிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளித்தான் தொடங்குகிறது. உதிர்ந்தாலும் துண்டு துண்டாக மரத்தடியில் உதிரும். அப்படியே விட்டுவிட்டோம். ஊரில் இதைப் பாதி வேலை என்று சொன்னவர்கள் உண்டு.

வெட்டுவாய்களில் சாணி பூசவில்லையா என்று அப்பாயி கேட்டார். மாவில் கிளை நுனியிலிருந்து பின்னோக்கிக் காயும் பூஞ்சை நோய் உண்டு, தோப்புக்காரர்கள் கவாத்துக்குப் பிறகு போர்டோ பசை பூசுவதும் அதற்காக: மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 10 லிட்டர். கை எட்டும் ஒட்டுமாக் கன்றுக்கு அது சரி. மூன்றரை மீட்டர் உயரத்தில், ஏறாமல் வெட்டிய இடத்துக்குப் பசை பூச ஏறுவதென்றால் போல் சா எடுத்ததற்கு அர்த்தமே இல்லை. அதிலும் உளுத்த கட்டையைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். சுத்தமான வெட்டாக இருந்தால் மரம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டேன். அவருக்குத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பிறகு

அந்த வடகிழக்கு மழையில் கொட்டகை ஷீட்டில் சேதம் இல்லை. அடுத்த கோடையில் போய்ப் பார்த்தபோது, 10 செ.மீ. போத்தின் வெட்டுவாயில் விளிம்பைச் சுற்றிப் புதுப்பட்டை விரல் அகலம் வளர்ந்திருந்தது. 13 செ.மீ. வாயில் ஒரு பக்கம்தான் வளர்ச்சி, கீழ்ப்பக்கம் கறுத்து இருந்தது. அடியில் உளுத்தல் அங்கே வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். எதிர்பார்த்தபடியே வெட்டுகளைச் சுற்றி மறுபடி கொத்தாகத் துளிர். இதைக் கவனிக்காமல் விட்டால் ஐந்தாறு வருஷத்தில் இதே வேலை திரும்ப வரும். துளிர் சுண்டுவிரல் பருமன் தாண்டுவதற்குள் அடிமரத்தை ஒட்டியுள்ள நல்ல இரண்டை மட்டும் வைத்துவிட்டு மற்றதைக் கழிக்கச் சொன்னேன். அதற்கு மெஷின் தேவையில்லை, துரட்டி போதும்.

பேரன் இப்போது சொந்தமாக ஒரு போல் சா வாங்கியிருக்கிறான். பக்கத்து வீட்டுப் புளியமரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எத்தனை செ.மீ. என்று அளந்துவிட்டுப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.